தேர்மணியும் புகைக்குழலும்

அணி என்னும் சொல் நம் வகுப்பறைகளில் நாள்தோறும் வழங்குவது. உவமையணி, உருவக அணி, தற்குறிப்பேற்ற அணி என்று பலகையில் எழுதுகின்றோம், இலக்கணம் கூறுகின்றோம், எடுத்துக்காட்டுத் தருகின்றோம். மாணவரும் அவற்றை மனத்திற்கொண்டு தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அம்மாணவருள் ஒருவர், பள்ளியை விட்டுச் சென்று சில ஆண்டுகள் கழிந்தபின், ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். வாங்கிய சில திங்களுக்குள் அதன் புகைக்குழலைக் கழற்றிவிட்டு வேறொன்று பூட்டுகிறார். ஹேண்டில் பாரை மாற்றுகிறார். பின் மட்கார்டைக் குறுக்குகிறார். பெட்ரோல் டாங்கியின்மேல் வேல் ஒன்று எழுதுவிக்கிறார். இவர் செய்வது யாது? அணி செய்தலே. எனினும், நாம் கற்பித்த அணியிலக்கணம் அந்த இடத்தில் அவருக்கு எள்ளளவும் துணை செய்வதில்லை. நாமும் அவரைத் தெருவிற் காணும்போது, "ஏன் தம்பி இந்த வீண் செலவு?" என்று கேட்டுவிட்டு நம் வழியே போகின்றோம்.

வீண் செலவு என்பது திறனாய்வு ஆகாது. அது வீட்டுப் பெரியவர்களின் கண்டிப்பு. எது நல்லணி, எது பொய்யணி, எது பொருளுக்கு ஒளி தருவது, எது பொருளை மறைப்பது என்று பகுத்துக் கூறுவதே திறனாய்வு. செய்யுளில் அதனைச் செய்யத் தெரிந்த நாம் வண்டியிற் செய்யத் தயங்குவானேன்? தொழிற்சாலையிலிருந்து வந்த மோட்டார் சைக்கிளை வெளிக்கடைப் பாகங்களால் மாற்றியும் அழகு செய்தும் ஓட்டும் இவ்வழக்கத்தைத் தமிழாசிரியன் ஒருவன் தான் அறிந்த அளவுகோல்களைக் கொண்டு அளந்து பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

பெரிய சாலையில்

ஜாலான் புசார் என்னும் மலாய்ப் பெயருக்குப் பெரிய சாலை என்பது பொருள். நம்மவர் நாள்தோறும் புழங்கும் சிராங்கூன் சாலைக்குக் கூப்பிடு தொலைவில், சுங்கை ரோட்டுப் பக்கத்திலிருந்து லவண்டர் தெரு நோக்கிச் செல்வது அது. அச்சாலையிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் இரும்புச் சாமான் கடை, கருவிக் கடை, விளக்குக் கடை, வண்டிப் பாகக் கடை என்று கைத்தொழிலாளர்க்கு வேண்டிய கடைகள் பல்லாண்டுகளாக இருந்து வந்துள்ளன. பழைய பொருளுக்கு மறுவாழ்வு கொடுத்து வந்த சுங்கை ரோட்டுத் திறந்தவெளிச் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் மூடப்பெற்றது. ஆயினும் ஒரு பொருளை வாங்கியபடியே வைத்துக்கொள்ளாமல், பிரித்து, கூட்டி, மாற்றிப் பார்க்கும் மனப்பான்மை அவ்வட்டாரத்தை விட்டு நீங்கிவிடவில்லை.

அழகு செய்தல் அவ்வட்டாரத்திற்குப் புதிதும் அன்று. பெட்டேன் சாலையில் 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பெற்ற வரிசை வீடுகளைப் பார்த்தவர்கள் அவற்றின் முகப்பிலுள்ள பூ ஓடுகளை மறக்கமாட்டார்கள். அவ்வோடுகள் தூணின் அடியிலும் கீழ்ச்சுவரிலும் பதிக்கப்பெற்றிருப்பதைக் கவனித்தல் வேண்டும். மழைச்சாரல் தெறிப்பதும் அழுக்குப் படிவதும் அங்கேதான். ஒரு துணி கொண்டு துடைத்தால் ஓடு மீண்டும் பளிச்சிடும். கண்ணுக்கு விருந்தாகவும் சுவருக்குக் காப்பாகவும் ஒருங்கே நிற்கும் அணி அது. இவ்வெடுத்துக்காட்டை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

அண்மையில் ஒரு மாலை, இச்சாலையின் குறுக்குத் தெரு ஒன்றில் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். 200 சி.சி.க்கு மேற்படாத சிறு மோட்டார் சைக்கிள் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வணக்கம் கூறினார். வண்டியைப் பற்றிக் கேட்டவுடன் முகம் மலர்ந்து, ஒவ்வொரு பாகமாகச் சுட்டிக் காட்டத் தொடங்கினார். புகைக்குழலுக்கு வந்தபோது குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "சார், இது வண்டியோட வந்த பைப் இல்லை. அது வீட்டுல கட்டிலுக்கு அடியில இருக்கு. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா அதை மாட்டுவேன், முடிஞ்சதும் கழற்றிடுவேன்" என்றார். சிங்கையில் 3 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிள்கள் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்லவேண்டும் என்பது விதி. சோதனைக்கு ஒரு குழல், சாலைக்கு ஒரு குழல்! இரட்டுற மொழிதலை நான் அவருக்குக் கற்பித்தது உண்டு. ஆனால் இந்த இரட்டுற மொழிதலை அன்று.

பத்தாண்டுச் சொத்து

அவரைக் குறை கூறுமுன் அவர் நிலையை எண்ணிப் பார்த்தல் கடன். சிங்கையில் மோட்டார் சைக்கிளை விலை கொடுத்து வாங்கினால் மட்டும் போதாது. வாகன உரிமைச் சான்றிதழும் எடுத்தாக வேண்டும். 1990இல் நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தின்படி, சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மோட்டார் சைக்கிளுக்குரிய சான்றிதழின் விலை 2022இல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. சிறு வண்டிகள் பலவற்றின் விலையைவிட அவற்றை ஓட்டும் உரிமையின் விலை மிகுந்துவிட்டது.

இவ்வாறு வாங்கிய வண்டியைத்தான் உணவுப் பொட்டலம் கொண்டு செல்வோரும், விடியுமுன் வேலைக்குச் செல்லும் தொழிலாளரும் ஓட்டுகின்றனர். குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் வெளிச்சுவருக்கு அவர் விரும்பிய வண்ணம் பூச முடியாது. வேலைக்கு உடுக்கும் சீருடையிலும் அவர் விருப்பத்திற்கு இடமில்லை. தம் விருப்பப்படி திருத்திக்கொள்ளக் கூடியதாக அவருக்கு வாய்த்த பொருள் இவ்வண்டி ஒன்றே. எனவே, அதில் அவர் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் "இது என்னுடையது" என்னும் கூற்று. அக்கூற்றை இகழ்தல் முறையன்று. ஆனால், எல்லாக் கூற்றும் நல்ல கூற்றாகிவிடா. பாடுவோர் எல்லாரிடத்தும் அன்பு வைக்கலாம். பாட்டு எல்லாவற்றையும் நல்ல பாட்டென்று கூறுதல் இயலாது.

கண்ணுக்கு அணி

புறநானூற்றின் 95ஆம் பாட்டு நம் ஆசிரியர் அனைவரும் அறிந்தது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது அது. அங்கிருந்த வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவலுடைய இடத்தில் அழகுற இருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, எந்நாளும் கொல்லனது சிறு கொட்டிலிலே கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வது போலப் பழித்தலுக்கும், பழிப்பது போலப் புகழ்தலுக்கும் அப்பாட்டினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

இப்பாட்டை வைத்துக்கொண்டு, "அணியே வேண்டா என்பது ஔவையார் கருத்து" என்று கூறுவாரும் உளர். அஃது அவசரப்பட்ட முடிவு. பீலி அணிந்ததற்காக ஔவையார் அவ்வேலை எள்ளவில்லை. பீலி அணிந்தும் வினை செய்யாமல் இருந்ததற்காகவே எள்ளினார். உண்மையான வேலுக்கு அடையாளம் கொல்லன் கொட்டில். இன்றைய வழக்கிற் கூறின், பட்டறை.

இவ்வளவுகோலை ஜாலான் புசாருக்குக் கொண்டுவருவோம். பந்தயச் சாலைகளில் புகழ்பெற்ற பிரெம்போ, 1961இல் இத்தாலியில் தோன்றிய நிறுவனம். பிரேக்குக்குப் பெயர் பெற்றது. ஓலின்ஸ், 1976இல் சுவீடனில் தோன்றியது. ஷாக் அப்சார்பருக்குப் பெயர் பெற்றது. இவற்றின் பாகத்தை வாங்கித் தன் வண்டிக்குப் பொருந்துமாறு பூட்டியவன், பணம் மிகுதியாகச் செலவிட்டிருக்கலாம். ஆனால் வண்டி விரைவில் நிற்கும், குழியில் இறங்கி ஏறும்போது சக்கரம் தரையை விட்டு அகலாது. அஃது உண்மை அணி. இனி, வண்டியில் அப்பாகம் இல்லை. அந்நிறுவனத்தின் பெயர் பொறித்த ஸ்டிக்கர் மட்டும் இருக்கிறது. சில வெள்ளிக்கு ஒட்டிய அத்தாள், பிரேக்கைப் பிடிக்கும் வேளையில் என்ன செய்யும்? பாட்டெழுதாதவன் தன் பெயர்க்கு முன்னால் கவிஞர் என்று போட்டுக்கொள்வதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? கவிஞனல்லாதவன் பட்டத்தால் உயிருக்கு இடரில்லை. போலிப் பிரேக்கால் இடருண்டு. அவ்வொன்றே வேற்றுமை. ஸ்டிக்கரைவிடப் பொல்லாதது, அப்பெயரையே பொறித்து விற்கப்படும் போலிப் பாகம்.

மட்கார்டைக் குறுக்குதலும் இத்தகையதே. பின்சக்கரத்திற்கு மேல் நீண்டிருக்கும் அப்பட்டையை நீக்கிவிட்டால் வண்டி மெலிந்து பந்தய வண்டி போலத் தோன்றும் என்பது உண்மை. ஆனால் சிங்கை மழை கொட்டும்போது, சாலை நீர் முழுவதும் பின்னே வருபவன் முகத்தில் வீசப்படுகிறது. பெட்டேன் சாலையின் பூ ஓடு நீரைத் தான் ஏற்றுச் சுவரைக் காக்கின்றது. இவ்வணியோ தனக்குரிய நீரை அயலான்மேல் எறிகின்றது.

டாங்கியில் எழுதும் வேலையும் "அம்மா" என்னும் சொல்லையும் என்ன சொல்வது? அவை வண்டியின் ஓட்டத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஆயின் பொய் சொல்லவும் இல்லை. ஒருவன் எவரை நினைத்துச் சாலையில் இறங்குகிறான் என்பதை உள்ளவாறு கூறுகின்றன. தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வரிசைப்படுத்தும்போது, உள்ளதை உள்ளவாறு உரைக்கும் தன்மையணியை முதலில் வைத்ததை நினைவிற் கொள்க. நம் குறை ஒன்றே: அச்சொற்கள் பிழையின்றி எழுதப்படல் வேண்டும். முருகன் துணை "துனை"யாகி ஓடுவதைக் காணும்போது, பிழை அவ்விளைஞருடையதா, நம்முடையதா என்று எண்ண வேண்டியிருக்கிறது.

வடிவும் வினையும்

அழகு வேறு, பயன் வேறு என்று இதுவரை பிரித்துப் பேசினோம். அவ்விரண்டும் பிரிக்க இயலாதபடி ஒன்றிநின்ற வடிவம் ஒன்று மோட்டார் சைக்கிள் உலகில் உண்டு. அதுவே டூ ஸ்ட்ரோக் வண்டியின் வயிறு பருத்த புகைக்குழல். நம் ஊரிலும் மலேசியாவிலும் ஆர்.எக்ஸ்.இசட். வண்டியையும், தமிழ்நாட்டில் 1985 முதல் 1996 வரை விற்பனையான ஆர்.எக்ஸ். 100 வண்டியையும் விரும்பிய தலைமுறைக்கு அவ்வடிவம் நன்கு தெரியும்.

அக்குழல் முதலில் மெல்ல விரிந்து, நடுவிற் பருத்து, பின் குறுகி, மெல்லிய வாலாய் முடியும். விரிந்தது பார்வைக்காக அன்று. இயந்திரத்தின் புகைவாய் திறந்தவுடன் ஓர் அழுத்த அலை குழலுக்குள் பாய்கின்றது. குழல் விரியும் பகுதியில் அவ்வலை ஓர் இழுப்பாக மாறித் திரும்பி, எஞ்சிய புகையை வெளியே ஈர்க்கின்றது. அவ்வீர்ப்பில் எரியாத புதுப் பெட்ரோல் கலவையும் சிறிது வெளியேறிவிடும். அலை மேலும் சென்று, குழல் குறுகும் பகுதியில் மோதித் திரும்பும்போது, வெளியேறிய கலவையைப் புகைவாய் மூடுமுன் மீண்டும் உள்ளே தள்ளிவிடுகின்றது. வெளியே விட்டதைத் திரும்பப் பெறும் இவ்வித்தையை 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் செம்மைப்படுத்தியவர் வால்டர் காடன் என்னும் பொறியாளர். அந்நிறுவனத்தின் ஓட்டுநரான எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்கே தப்பிச் சென்று ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தபோது அவ்வறிவும் உடன் சென்றது. பின்னர் ஜப்பானிய வண்டிகளின் வழியே ஆசியா முழுதும் பரவியது.

இங்கே வடிவே வினை. நீளத்தை ஓர் அங்குலம் மாற்றினால் அலை திரும்பும் நேரம் மாறிவிடும். வண்டியின் ஆற்றல் குன்றிவிடும். ஒரு சொல்லைப் பெயர்த்து வேறு சொல் வைக்க இடந்தராத செய்யுளோடு இதனை ஒப்பிடலாம். ஆகவேதான், தன் வண்டியின் இயந்திரத்தை அளந்தறிந்து அதற்கெனக் குழல் செய்வித்துப் பூட்டியவனைத் தேர்ந்த புலவன் என்றும், பக்கத்து வண்டியிற் கண்ட குழலைத் தன் வண்டிக்கும் வாங்கிப் பூட்டியவனைப் பிறர் உவமையைத் தன் பாட்டில் ஒட்டியவன் என்றும் கூறுகின்றேன்.

லண்டன் மாநகரின் ஏஸ் கபே என்னும் சிற்றுண்டிக் கடையைச் சுற்றி 1950களிலும் 1960களிலும் வளர்ந்த கபே ரேசர் வழக்கிலும் இவ்வுண்மையைக் காணலாம். அக்காலத்தில் நார்ட்டன் வண்டியின் பெதர்பெட் சட்டகம் வளைவில் அசையாது நிற்பதற்குப் பெயர் பெற்றது. டிரையம்ப் வண்டியின் இயந்திரம் விரைவுக்குப் பெயர் பெற்றது. அந்த இயந்திரத்தை இந்தச் சட்டகத்தில் இளைஞர்கள் பொருத்தினர். பெயரையும் சேர்த்து டிரைட்டன் என்றனர். எந்தத் தொழிற்சாலையும் விற்காத வண்டி அது. இரண்டின் குறையும் நீங்கி இரண்டின் நிறையும் கூடிற்று. நல்ல மாற்றம் என்பது மூலத்தைப் படித்தறிந்தவன் செய்வது. ஜப்பானின் புக்குவோக்கா நகரில் 1954இல் பட்டறை தொடங்கி, அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களின் வண்டிகளைத் திருத்திக் கொடுத்த யோஷிமுரா, பின்னாளில் உலகறிந்த புகைக்குழல் பெயராக விளங்கியதும் அத்தகைய படிப்பினால்தான்.

இதற்கு மறுதலையும் காட்டுதல் வேண்டும். அமெரிக்காவில் முன் ஃபோர்க்கை மிக நீட்டிச் செய்யும் சாப்பர் வண்டிகளை 1969இல் வெளிவந்த "ஈசி ரைடர்" என்னும் திரைப்படம் உலகெங்கும் காட்டிற்று. நெடிய நேர்ச்சாலையில் அவ்வண்டி கம்பீரமாகச் செல்லும். டெஸ்கர் ரோட்டுச் சந்தில் திரும்பச் சொன்னால் தெரியும் செய்தி! எழுத்துகளைத் தேர் வடிவில் அடைத்துப் பாடும் இரதபந்தத்தை நாம் சித்திரகவி வகையுள் படித்திருக்கின்றோம். செய்தவன் திறமையை வியக்கின்றோம். பாட்டின் பொருளை எவர் நினைவில் வைத்திருக்கின்றார்? நீண்ட ஃபோர்க்கும் அத்தகையதே.

செவிக்கு அணி

இனி, என் மாணவரின் கட்டிலடிக் குழலுக்கு வருவோம். அவர் வண்டி ஃபோர் ஸ்ட்ரோக். அதிற் பூட்டியிருந்த குழல் உள்ளடக்கம் நீக்கப்பெற்ற வெற்றுக்குழல். ஓசையை அடக்கும் தடுப்புகளை எடுத்துவிட்டால் வேகம் பிறக்கும் என்று பலர் நம்புகின்றனர். குழலை மட்டும் மாற்றிப் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றாமல் விட்டால், பெரும்பாலும் இயந்திரம் மிகச் சூடேறும். தாழ்ந்த வேகத்தில் இழுவை குன்றும். கூடுவது ஓசை ஒன்றே. ஒலி 10 டெசிபல் கூடினால் செவிக்கு ஏறத்தாழ இருமடங்காகக் கேட்கும்.

"சத்தம் இருந்தாத்தான் லாரிக்காரன் பார்ப்பான் சார், உயிருக்கு அதுதான் காவல்" என்றார் மாணவர். இவ்வாதம் உலகெங்கும் சொல்லப்படுவது. குழலின் வாய் பின்னோக்கி இருக்கின்றது. இடர் தருபவரோ பெரும்பாலும் முன்னே செல்பவரும் குறுக்கே வருபவரும். கண்ணாடி ஏற்றிக் குளிர்சாதனம் போட்டுச் செல்லும் லாரி ஓட்டுநருக்கு அவ்வோசை எட்டுவது, வண்டி அவரைக் கடக்கும் வேளையில்தான். பின்னே தெருவில் உறங்குபவருக்கோ முழுவதும் எட்டிவிடுகின்றது.

ஓசையே தீது என்பது என் கருத்தன்று. 1955இல் சென்னையில் தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்த புல்லட் வண்டியின் ஓசைக்கு இன்றும் விரும்புவோர் உளர். பெரிய ஒற்றைச் சிலிண்டரின் இயல்பான துடிப்பு அது. அதனை அவ்வண்டியின் தன்மையணி எனலாம். சிறு வண்டி தன் குரலை விட்டுப் பெரிய வண்டியின் குரலில் கத்துவதே குற்றம்.

இவ்விடத்தில் அகநானூற்றின் 4ஆம் பாட்டு நமக்கு வழிகாட்டுகின்றது. குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு அது. கார்காலம் வந்துவிட்டது. வினைமுடித்த தலைவன் தலைவியைக் காணத் தேரில் விரைகின்றான். வழியெங்கும் பூத்த சோலை. அங்கே வண்டுகள் தம் துணையோடு தேன் உண்கின்றன. தேர்மணி ஒலித்தால் அவை கலங்குமே என்று அஞ்சி, அவன் மணியின் நாவைக் கட்டிவிடுகின்றான்.

இப்பாட்டை நாம் தலைவனின் அருளுக்குச் சான்றாகவே கற்பித்து வருகின்றோம். அணியின் இலக்கணமாகவும் அதனைக் கற்பிக்கலாம். மணி தேருக்கு அணி. தலைவன் மணியைக் கழற்றி எறிந்துவிடவில்லை. கட்டிலுக்கு அடியிலும் ஒளித்து வைக்கவில்லை. தேரில் அது தொங்கிக்கொண்டே இருக்கின்றது. ஒலிக்கும் ஆற்றல் உடையது அது. ஒலிக்கக் கூடாத இடம் இஃது என்று அறிந்து அடக்கினான். விரைந்து சென்று சேர வேண்டும் என்னும் ஆசை மிக்க வேளையில் அடக்கினான் என்பதே அதன் சிறப்பு.

இதனை மாணவரிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் எண்ணிவிட்டு, "அவரு பெரிய ஆளு சார், தேர் வச்சிருந்தவரு. மணியைக் கட்டிக்கிட்டுப் போனாலும் ஊரே பார்க்கும். எங்களை யாரு பார்ப்பா?" என்று கேட்டார். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. பகலெல்லாம் பிறர் ஏவலுக்கு ஆம் என்று மட்டும் சொல்லி உழைப்பவன், இரவில் ஒரு தெருவையாவது திரும்பிப் பார்க்க வைக்க விரும்புகின்றான். அவன் குழலிலிருந்து வருவது வெறும் புகையோசை அன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஜாலான் புசாரின் கடைவீடுகளின் மேல்மாடியிலும், அடுத்துள்ள அடுக்குமாடி வீடுகளிலும் உறங்குபவர் யார்? விடியுமுன் எழ வேண்டிய தொழிலாளரும், உறக்கம் கலைந்தால் மீண்டும் உறங்க முடியாத முதியவரும், குழந்தையை இப்பொழுதுதான் தொட்டிலில் இட்ட தாயும். அவனைப் பாராமல் இருந்தவர் எவரோ, அவரை இவ்வோசை எழுப்புவதில்லை. அவனைப் போன்றவரையே எழுப்புகின்றது.

சட்டமும் இதனைக் கருதாமல் இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையம் வண்டியிற் செய்யும் மாற்றங்களை மூவகைப்படுத்தியுள்ளது: ஒப்புதல் வேண்டாதவை, ஒப்புதல் பெற்றே செய்யத் தக்கவை, எவ்வாற்றானும் செய்யலாகாதவை. புகைக்குழல், இயந்திரம் ஆகியவற்றின் மாற்றம் ஒப்புதலுக்கு உட்பட்டது. இந்தியாவில் 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், விதிக்கு மாறாகச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளர்மேல் 5,000 ரூபாய் தண்டம் விதிக்க இடம் தருகின்றது. சென்னைப் புதுப்பேட்டையில் பாகம் வாங்குவோரையும் அது கட்டுப்படுத்தும். ஆயின் சட்டம் காணும் நாளில் ஒரு குழலும் காணாத நாளில் ஒரு குழலுமாக ஓடும் வண்டியைச் சட்டம் மட்டும் திருத்திவிட முடியாது. தலைவனின் தேரைச் சோதிக்க அன்று எந்த ஆணையமும் சோலையில் நிற்கவில்லை.

ஆசிரியர் கடன்

சங்கத் தேரோடு இவ்விளைஞர்களின் வண்டியை ஒப்பிடுதல் தகுமா என்று கேட்பார் இருக்கலாம். தேர் அக்காலத்து ஊர்தி. அதனைக் கண்ணாற் கண்டு, காதாற் கேட்டுப் பாடினர் நம் புலவர். நாம் நம் காலத்து ஊர்தியைக் காணாமல் கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் தேரை மட்டும் பாராட்டுவோமாயின், அவர்கள் செய்த தொழிலை நாம் செய்தவராக மாட்டோம்.

காலமும் நமக்காகக் காத்திராது. சிங்கையில் 2003ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாளுக்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள், பழமை வண்டித் திட்டங்களில் உள்ளவை நீங்கலாக, 2028ஆம் ஆண்டு ஜூன் 30க்குப் பின் சாலையில் ஓடலாகாது. பழைய வண்டிகளின் புகை மிகுதி என்பது காரணம், அக்காரணம் தக்கதே. வயிறு பருத்த குழலுடைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பல அன்றோடு ஓய்வு பெறும். அவற்றைச் செவியால் கேட்டே நோய் அறிந்து திருத்திய கைகளின் அறிவும் சொற்களும் எழுதப்படாமலே மறையும். அவற்றைத் தமிழில் எழுதி வைக்க வல்லவர் யாரேனும் உளரா என்றால், நம் வகுப்பில் அமர்ந்திருந்து, "வீண் செலவு" என்னும் சொல்லைக் கேட்டுவிட்டுப் போன இளைஞர்களே அவர்கள்.

ஆகவே, அணியிலக்கணம் கற்பிக்கும் நாளில், மாணவர் தாம் விரும்பும் ஊர்தி ஒன்றைப் பற்றி எழுதட்டும். அதன் ஒவ்வோர் அணியையும் நான்கு வினாக்களால் அவரே ஆராயட்டும். இவ்வணி என்ன வினை செய்கின்றது? அவ்வினைக்காக எதனை இழந்தோம்? இது தன்னை உள்ளவாறு காட்டுகின்றதா, பிறிதொன்றாகப் பொய் சொல்லுகின்றதா? இதன் சுமையைத் தாங்குபவன் அணிந்தவனா, அயலானா? இந்நான்கும் வண்டிக்கு மட்டும் உரியவை அல்ல. திருமண மண்டபத்து ஒலிபெருக்கியையும், மேடைப் பேச்சின் அடுக்குமொழியையும், நம் கட்டுரையின் சொல்லலங்காரத்தையும் இவற்றால் அளக்கலாம். அளந்தால் நம்முள் பலர் வெற்றுக்குழலோடு ஓடிக்கொண்டிருப்பதும் புலப்படும்.

விடைபெறும்போது என் மாணவர் ஒன்று கேட்டார்: "கட்டித்தான் வைக்கணும்னா, அந்தத் தேருக்கு மணி எதுக்கு சார்?" நல்ல வினா. நான் அவருக்குச் சொன்ன விடையையே இங்கும் எழுதுகின்றேன். ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒலிப்பதற்காக மணி. சோலை எது, போர்க்களம் எது, ஊர்வாயில் எது என்று அறிவதற்காகத் தலைவன். அவ்வறிவு கடையில் விற்பதில்லை. அதனைக் கொடுக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.